வெடிவரிசையில் ஒரு முழ இடம்

ஜூலை நாலாம் தேதி காலையில் என்னைத் தேடி யாரும் வீட்டுக்கு வரவேண்டாம். இருக்கமாட்டேன். ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே ஓட்டிக்கொண்டே போனால் ஃப்ரீவே முடிந்து, மாட்டுப் பண்ணைகள் தொடங்கி, கடைசியில் ஒரு தகரக் கொட்டகை வரும். அதற்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில், முக்கோணத் தொப்பி வைத்த வெள்ளைக்காரக் கிழவர்களோடு வரிசையில் நிற்பேன். கையில் மஸ்கெட் என்கிற பழங்காலத் துப்பாக்கி இருக்கும். இந்த நாடு சுதந்திரத்துக்குச் சண்டை போட்ட காலத்து மாதிரியில் இப்போது செய்தது. வாய் வழியாக மருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டிச் சுடுவது. நம் ஊரில் குருவிக்காரர்கள் வைத்திருந்தார்களே நாட்டுத் துப்பாக்கி, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் இவனுக்கு எதற்கு இது என்று நம் ஆட்கள் பேசுவது எனக்குத் தெரியும். பொங்கல் விழாவில் ஒரு பெண், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், நேராகவே கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு எதுக்கு அங்கிள் கன் எல்லாம்? சேஃப் இல்ல அங்கிள்."

"நீ ஒரு கையில போனைப் பாத்துக்கிட்டே ஃப்ரீவேல டிரைவ் பண்ணுறியே, அது சேஃபா?" என்றேன்.

அதன் பிறகு அவள் என் தட்டில் சர்க்கரைப் பொங்கல் வைக்கவில்லை. நானே போய் எடுத்துக்கொண்டேன். இரண்டு கரண்டி.

நான் எட்டாம் வகுப்பு பெயில். விருதுநகர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்து, டிரைவராகி, நாற்பது வயதுக்கு மேல் இங்கே வந்தேன். வந்த புதிதில் இன்னொருவன் லாண்ட்ரியில் தரை துடைத்தேன். இன்றைக்கு மூன்று லாண்ட்ரி என் பெயரில் ஓடுகிறது. காசு போட்டால் துணி துவைக்கிற மெஷின்கள், எதுவும் பழுதாக நின்றது கிடையாது. நின்றால் நானே குப்புறப் படுத்து பெல்ட் மாற்றுவேன். ஆங்கிலம் எழுத வராது. பேசினால் டெக்ஸஸ்காரன் நின்று கேட்பான். இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் இதைச் சொன்னால் ஒருவருக்குப் பொறுக்காது. என் மச்சான். என் மனைவியின் அண்ணன். இருதய டாக்டர். ஹூஸ்டனில் பெரிய பேர், பெரிய வீடு, வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம். தங்கை குடும்பத்துக்கு கிரீன் கார்டு கேட்டு பெட்டிஷன் போட்டவர் அவர்தான். இல்லை என்று சொல்ல முடியாது. அவர் ஒரு நாள் கையெழுத்துப் போட்டார். நாங்கள் ஒரு மாமாங்கம் வரிசையில் காத்திருந்தோம். ஆனாலும் கதையில் அந்தக் கையெழுத்து மட்டும்தான் வரும்.

அந்தக் கதையைச் சொல்வதற்கென்றே அவருக்கு ஒரு நாள் உண்டு. ஜூலை நாலு. அவர் வீட்டு பார்பிக்யூ. டாக்டர் குடும்பங்களாக வந்து நிறையும். எல்லார் கையிலும் கோழிக்கால் வந்ததும் ஸ்பூனால் கிளாஸைத் தட்டுவார்.

"டுடே அமெரிக்காவுக்கு இண்டிபெண்டன்ஸ் டே. எங்க ஃபேமிலிக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்கு. அன்னைக்கு நான் மட்டும் அந்த பெட்டிஷனை ஃபைல் பண்ணலைன்னா, நம்ம மாப்ள இன்னும் லாரிலதான் ஹார்ன் அடிச்சிட்டு இருப்பாரு!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கவேண்டும். என் மனைவி என் முழங்கையைத் தொடுவாள், சிரியுங்கள் என்று அர்த்தம். எத்தனை வருஷம் சிரித்தேன்! அவருடைய அப்பா, என் மாமனார், அப்போது என் வீட்டில் இருந்தார். டாக்டர் வீட்டில் படி அதிகம், ஷிஃப்ட் அதிகம், கிழவருக்கு ஒத்துவராது என்று எங்களிடம் விட்டிருந்தார்கள். அந்த ஹிஸ்டரியை மட்டும் மச்சான் ஸ்பூன் தட்டிச் சொன்னதில்லை.

அந்த பார்பிக்யூவிலிருந்து என்னை விடுவித்தது ஒரு கம்பளிக் கோட்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் உயரமான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் என் லாண்ட்ரிக்கு வந்து, நீலக் கம்பளிக் கோட்டை மெஷினில் திணிக்கப் போனார். சுருங்கிவிடும் என்று பிடுங்கினேன். பிடுங்கும்போது வாசம் வந்தது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அந்த வாசம்.

"இது கருமருந்து வாசமாச்சே," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்றார். நான் எங்கிருந்து வருகிறேன் தெரியுமா, எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தாலே வெடி வாசத்தில்தான் கண் திறக்கும் என்று ஒரு போடு போட்டேன். அவர்தான் அந்தத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர். அடுத்த சனிக்கிழமை வா என்றார். போனேன். முதல் தடவை சுட்டபோது புகை முகத்தில் அடித்து ஒன்றுமே தெரியவில்லை. புகை விலகியதும், யாரும் எனக்கு இதை வாங்கித் தரவில்லை, நானே வந்து சுட்டேன் என்று தோன்றியது. அதன் பிறகு எந்த ஜூலை நாலுக்கும் நான் கோழிக்கால் தின்னப் போகவில்லை.

அந்தச் சங்கத்தில் ஜூலை நாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வெடி விடுவார்கள். குண்டு கிடையாது, மருந்து மட்டும். வலது ஓரத்து ஆள் ஆரம்பிப்பான். அடுத்தவன், அடுத்தவன் என்று சரவெடி போல இடது ஓரம் வரை ஓடும். விசையை இழுப்பதற்கு முன் இது யாருக்காக என்று உரக்கச் சொல்லவேண்டும். ஒருவர் போரில் செத்த தாத்தாவின் பெயரைச் சொல்வார். ஒருவர் செத்துப்போன தன் நாயின் பெயரைச் சொல்வார், கண் கலங்கும். முதல் வருஷம் எனக்கு வழக்கம் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டதும் "எனக்கு!" என்றேன். வரிசையே கைதட்டியது. அன்றிலிருந்து என் முறை வந்தால் அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள்.

வலது ஓரத்தில் யார் நிற்பது என்று தலைவர் வசந்த காலத்திலேயே சொல்லிவிடுவார். சும்மா கிடைக்காது. மழையில் கொட்டகைக்குக் கூரை பிடித்தவன், புல் வெட்டியவன், ஒரு சனிக்கிழமையும் விடாதவன், அப்படிப்பட்டவனுக்குத்தான். போன வருஷம் எனக்குக் கொடுத்தார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனுக்கு போன் போட்டாள். அங்கேதான் வந்தது வினை.

மறுவாரமே மச்சான் போனில் வந்தார். "மாப்ள, நானும் ஜாயின் பண்ணிட்டேன். பார்பிக்யூவை ஈவினிங்க்கு மாத்திட்டேன். மார்னிங் எல்லாரும் ரேஞ்சுக்கு வர்றோம். ஒரு மஸ்கெட் ஆர்டர் பண்ணிருக்கேன், சில்வர் ஒர்க் எல்லாம் இருக்கு, செம்ம பீஸ்."

"உங்களுக்கு எதுக்கு மச்சான்? புகை, அழுக்கு."

"என்ன மாப்ள, ஃபேமிலியா செலிபிரேட் பண்ணலாம்."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். "உங்க அண்ணன்கிட்ட இந்த நாடு பூரா இருக்கு. எனக்கு வருசத்துல ஒரு நாள்தான் இருந்துச்சு. அதுலயும் துண்டு போட்டுட்டாரு."

"அவரு ஆசையா வர்றாரு. நீங்க எல்லாத்தையும் சண்டையாவே பாக்குறீங்க," என்றாள்.

ஜூலை நாலு வந்தது. ஒன்பது மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. காலுக்கடியில் தீ எறும்பு. மச்சான் மூன்று கார் நிறைய டாக்டர் குடும்பங்களோடு வந்து இறங்கினார். புத்தம் புதுத் தொப்பி, புத்தம் புது நீலக் கோட்டு, வெள்ளிப் பூ வேலை செய்த துப்பாக்கி. பார்க்க மைசூர் பேண்டு வாத்தியக்காரர் போல இருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு விருந்தாளிகளை உட்கார வைத்தார். என் மனைவியும் அங்கே உட்கார்ந்தாள்.

வரிசை நின்றது. மருந்து கெட்டிக்கலாம் என்று தலைவர் குரல் கொடுத்தார். நான் வலது ஓரத்தில் நின்று, மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, ஒரு சின்ன ஹெல்ப். அந்தக் கார்னரை எனக்குக் குடுங்க. அங்கதான் லைட் நல்லா இருக்கு, வீடியோ எடுக்கிறாங்க."

"இது கார்னர் இல்ல மச்சான். இது என் இடம்."

"தெரியும் மாப்ள, ஒன்லி ஃபர்ஸ்ட் ஷாட். அப்புறம் நீங்களே நில்லுங்க."

"தலைவரைக் கேளுங்க."

கேட்டார். தலைவர் தாடியைத் தடவினார். இடம் அவனுடையது, கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம் என்றார். நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் பார்பிக்யூவில் சிரிப்பது போலவே சிரித்துக்கொண்டு, கயிற்றுக்கு அப்பால் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என்ன மாப்ள, உங்களுக்கு ஒரு நாட்டுக்கே நான் வழி விட்டேன். எனக்கு ஒரு முழ இடம் விடமாட்டீங்களா?"

நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் முழங்கையைத் தொட மனைவி பக்கத்தில் இல்லை.

"மாட்டேன்," என்றேன்.

அவர் முகம் மாறியதைப் பார்க்கவேண்டுமே! அந்த ஒரு வார்த்தைக்கு என் மூன்று லாண்ட்ரியும் ஈடாகாது. தோளைக் குலுக்கிவிட்டு எனக்கு இடப் பக்கம் போய் நின்றார். நான் குப்பியை இடுப்பில் மாட்டி, குழலுக்குள் காகித அடைப்பைப் போட்டுக் கம்பியால் இடித்து, பக்கவாட்டுக் கிண்ணியில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டு, துப்பாக்கியைத் தோளில் ஏற்றினேன். யாருக்கு என்று தலைவர் கேட்டார்.

"எனக்கு!"

வரிசை ஆரவாரித்தது. விசையை இழுத்தேன். கிண்ணியில் 'புஸ்' என்று தீ பறந்தது. அவ்வளவுதான். குழல் வெடிக்கவில்லை.

அப்படி ஆனால் ஒரு சட்டம் உண்டு. உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருக்கலாம், எந்த நொடியும் வெடிக்கலாம். அதனால் ஒரு நிமிஷம் யாரும் அசையக்கூடாது. சுட்டவன் குழலை எதிரே நீட்டிய நீட்டாக, தோளில் வைத்தபடியே நிற்கவேண்டும். திரும்பக்கூடாது. தலைவர் கையைத் தூக்கினார். வரிசை சிலையானது.

வாயை அசைக்கக்கூடாது என்று மட்டும் சட்டத்தில் இல்லை. அந்த ஓட்டையை மச்சான் கண்டுபிடித்தார்.

"பேச்சுல மட்டும்தான் மருந்து போல," என்றார் தமிழில். பிறகு வெள்ளைக்காரர்களுக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அதே கதை. ஸ்பூனும் கிளாஸும் மட்டும் இல்லை. இவர் என் தங்கை கணவர், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடம் சரியாகப் போகவில்லை, நான்தான் பெட்டிஷன் போட்டு இந்த மகத்தான நாட்டுக்குக் கொண்டுவந்தேன், இன்று பாருங்கள், துப்பாக்கி பிடித்து நிற்கிறார், அதுதான் அமெரிக்கா. நாற்காலிப் பக்கம் கைதட்டல். வரிசையில் ஒருவர், விவரம் தெரியாதவர், நெகிழ்ந்துபோய் "ஆமென்" என்றார்.

நான் எதிரே இருந்த வைக்கோல் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கமுடியாது. இந்த மனுஷனிடமிருந்து தப்பித்து வந்த ஒரே இடத்தில், தலையைத் திருப்பக்கூட முடியாமல் என்னை நிறுத்திவைத்து, முழுக் கதையையும் காதில் ஊற்றினார். வாசிக்கிறவர்கள் வேறு மாதிரி எதுவும் நினைக்கவேண்டாம். குழல் ஒரு நூல்கூட அசையவில்லை. என்னைப் போல நெஞ்சில் அவ்வளவு கனத்தோடு அவ்வளவு நேராகத் துப்பாக்கி பிடித்தவன் அந்தச் சங்கத்திலேயே கிடையாது.

நிமிஷம் முடிந்தது. தலைவர் என் பின்னால் வந்து, கிண்ணியைத் துடைக்கச் சொல்லி, துப்பாக்கியை இறக்கி, காகித அடைப்பை உருவி எடுக்கச் சொல்லி, கம்பியை உள்ளே விடச் சொன்னார். கம்பி இறங்கி அடியில் 'டிங்' என்றது. மணி அடித்த மாதிரி. உள்ளே மருந்து இருந்தால் அந்தச் சத்தம் வராது. வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. நான் மருந்தே போடவில்லை.

மச்சான் ஒரு முழ இடம் கேட்டு வந்து வாயாடாமல் இருந்திருந்தால் அந்த மருந்து உள்ளே போயிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைவர், மறுபடி போடு, மறுபடி சொல்லு என்றார். இந்தத் தடவை மருந்தை ஊற்றினேன். காகித அடைப்பை இடித்தேன். பொடி போட்டேன். தோளில் ஏற்றினேன். யாருக்கு என்றார். எல்லாரும் "எனக்கு" என்று வரும் என்று சிரிப்பதற்குத் தயாராக நின்றார்கள்.

நான் தமிழில் சொன்னேன்.

"எங்க மாமாவுக்கு. மச்சானோட அப்பாவுக்கு. என் வீட்டுக் கட்டில்ல உசுரு போனவருக்கு. கடைசி மூச்சு வரைக்கும் வாசலைப் பாத்து, 'பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானா'ன்னு கேட்டவருக்கு."

இழுத்தேன். வெடித்தது. தகரக் கொட்டகை அதிர்ந்தது.

புகை இடப் பக்கமாகப் போனது. அடுத்த முறை மச்சானுடையது. யாருக்கு என்று தலைவர் கேட்டார். மச்சான் கயிற்றுக்கு அப்பால் தங்கையைப் பார்த்தார். அவள் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களில் தமிழ் தெரிந்தவர்கள் திடீரென்று போனில் எதையோ தேடினார்கள். அவர் யார் பெயரையும் சொல்லாமல் விசையை இழுத்தார். நன்றாகவே வெடித்தது, பொய் சொல்லக்கூடாது. மூன்றாவது ஆள் கொஞ்சம் விழித்துவிட்டு, தன் நாயின் பெயரைச் சொன்னார். வரிசை ஓடியது.

அது முடிந்ததும் மச்சான் நேரே காருக்குப் போனார். வெள்ளித் துப்பாக்கியை அப்படியே கார் டிக்கியில் போட்டார். "பார்பிக்யூவுக்கு நேரமாச்சு," என்றார் தங்கையிடம். மூன்று காரும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரத்தில் மனைவி ஆரம்பித்தாள்.

"எங்கப்பாவை வெடிக்கு மருந்தாக்கிட்டீங்களே."

"உங்க அண்ணன் என்னை என்ன ஆக்கினாரு? கேட்டியா இல்லையா?"

"அவரு உங்களைச் சொன்னாரு. நீங்க திருப்பி அவரைச் சொல்லிருக்கலாம். செத்தவரை எதுக்கு இழுத்தீங்க? ராத்திரி பகலா அவருக்குச் செஞ்சது நான். நான் எங்கயாவது சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனா?"

எனக்கு எதற்கும் பதில் உண்டு. அன்றைக்கு ரேடியோவைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்தேன். இந்தத் துப்பாக்கியைச் சுட்ட அன்றைக்கே கழுவவேண்டும். கருமருந்துக் கசடு உப்பு மாதிரி, இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். கொல்லைப்புறத்தில் வாளி வைத்து, பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டு, குழலுக்குள் துணி விட்டு விட்டு எடுத்தேன். தண்ணீர் மை மாதிரி வந்தது. துவைப்பது என் தொழில். தெளிந்த தண்ணீர் வரும் வரை விடமாட்டேன்.

மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"அண்ணன் கழுவியிருப்பாரா?"

"புது மெம்பருக்கெல்லாம் கிளாஸ் எடுப்பாங்க. சொல்லிக்குடுத்திருப்பாங்க."

"அவரு இருக்குற கோபத்துல மறந்திருப்பாரு. ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க."

"நீ பண்ணேன்."

நின்றாள். போன் அவள் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளும் பண்ணவில்லை.

தீபாவளிக்கு மச்சான் வீட்டுக்குப் போனோம். போகாமல் இருக்க முடியாது, தீபாவளி. ஹாலில் கணப்புக்கு மேலே வெள்ளித் துப்பாக்கி தொங்கியது. அதற்கென்றே தனி விளக்கு. வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து வாவ் வாவ் என்றார்கள். நான் பக்கத்தில் போய், குழல் வாய்க்குள் சுண்டு விரலை விட்டு எடுத்தேன். விரல் செங்கல் நிறத்தில் வந்தது.

மச்சான் பார்த்துவிட்டார். நான் அவர் வீட்டு வெள்ளை நாப்கினை எடுத்து விரலைத் துடைத்தேன். மடித்து மேஜை மேலேயே வைத்தேன்.

"அடுத்த ஜூலைக்கு வர்றீங்களா மச்சான்?"

"இல்ல மாப்ள. எனக்கு பார்பிக்யூ இருக்கு."

"நல்லது," என்றேன்.

வரும் ஜூலை நாலுக்கு வலது ஓரம் நாய்க்காரருக்கு. நான் அடுத்த இடத்தில் நிற்பேன். மருந்து போட்டேனா என்று இரண்டு தடவை பார்ப்பேன், யாரோடும் பேசமாட்டேன். யாருக்கு என்று கேட்டால் "எனக்கு" என்றுதான் சொல்வேன். கைதட்டுவார்கள். மனைவி இந்தத் தடவை வரவில்லையாம். அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம், அவளே டிரைவ் பண்ணிக்கொண்டு. போகட்டும். அது அவள் ஜூலை நாலு.